அம்பலத்தார் காரில் மீன்பிடித் திருவிழா

நெடுங்கரைப்பட்டிக் கண்மாய் வறண்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணுவதை ஊரே விட்டுவிட்ட பிறகு, ஒரு வைகாசி மாத வெள்ளிக்கிழமை காலையில், சேவுகன் அம்பலத்தின் கறுப்புக் காரில் தண்ணீர் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. வந்த தண்ணீரைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் அந்தச் சீமையில் கிடையாது. வராத தண்ணீரைத்தான் கேட்பார்கள், வைவார்கள், அதற்காகக் கோயிலில் பொங்கல் வைப்பார்கள், பொங்கல் வைத்தும் வராவிட்டால் பக்கத்து ஊர்க்காரனோடு சண்டைக்குப் போவார்கள்.

தண்ணீரைக் கொண்டுவந்தவள் பஞ்சவர்ணம். மதுரையில் ஒரு கார் ஷோரூமில் புது வண்டிகளுக்கு மினுக்கு ஏற்றிக்கொண்டிருந்தவள், அங்கே இருந்த எல்லாரையும்விடத் தனக்கு வேலை அதிகம் தெரியும் என்று முடிவு செய்த நாளில் சொல்லிக்கொண்டு கிளம்பி ஊருக்கு வந்து, பைபாஸ் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, ‘பஞ்சவர்ணம் கார் பாலிஷ்’ என்று தன் பேரையே பெரிய எழுத்தில் எழுதி மாட்டினாள். அடக்கம் என்பது அவள் உடம்புக்குச் சேராத சாப்பாடு. கார் கழுவுற அக்கா என்று யாராவது கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அவள் கை பட்டு முடிந்த வண்டியை யாரும் தொடக் கூடாது, உரியவனே தொட்டாலும் முறைப்பாள், கண் எதற்கு இருக்கிறது, கண்ணால் தொடு என்பாள்.

பாலிஷும் மெழுகும் ஒன்றுதானே என்று வாய் தவறிச் சொன்னவர்கள் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டார்கள். பாலிஷ் என்பது எடுக்கிற வேலை என்று ஆரம்பிப்பாள். அதற்குள் நைசான பொடி இருக்கிறது, அது பெயிண்டின் மேல்தோலைச் சீவி, கீறலின் இரண்டு கரையையும் கரைத்து மட்டமாக்குகிறது, ஒவ்வொரு தடவை போடும்போதும் வண்டியிலிருந்து கொஞ்சம் போய்விடுகிறது, போனது திரும்பாது. மெழுகு என்பது கொடுக்கிற வேலை, அது எதையும் எடுப்பதில்லை, இருப்பதன் மேல் உட்கார்ந்து காவல் காக்கிறது. எடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கிறவனும், கொடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கிறவனும் வண்டியை மட்டுமில்லை குடும்பத்தையும் கெடுப்பான் என்று முடிக்கும்போது, கேட்டவனுக்குத் தலை தானாக ஆடும்.

ஊர்த்தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அம்பலமான சேவுகன், மகள் சிவரஞ்சனியின் கல்யாணத்துக்காக ஒரு பழைய கறுப்புக் கார் வாங்கியிருந்தார். மகளைக் கொடுக்க இருந்த ஊர் கல்லூரணிப்பட்டி, எந்தக் கோடையிலும் கண்மாய் வற்றாத ஊர், அந்தத் திமிர் நடையிலேயே தெரிகிற ஊர். கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்தால் பிடித்த மீனை விற்கக் கூடாது, கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நெடுங்கரைப்பட்டியில் திருவிழா நின்று போனதால் அந்த ஊர்ப் பெண்கள் போன இடமெல்லாம் வெறுங்கை. பரிசம் போட வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா நல்லமணி, உங்க பொண்ணுக்கு நீங்க மீன் அனுப்ப முடியாட்டி என்ன, நாங்க உங்களுக்கு அனுப்புறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு அம்பலத்துக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

“ஏத்தா பஞ்சவர்ணம், பொண்ண அழைச்சுக்கிட்டு இந்தக் காரு அங்க போயி நிக்கையில, அந்த ஊரே வந்து சுத்தி நிக்கணும். செய்வியா?” என்று கேட்டார்.

“ஊரு வரும் சித்தப்பா. வந்த ஊரு வண்டியத் திரும்ப விடாது, அதுக்கு நீங்கதான் வழி பாக்கணும்” என்றாள்.

இப்படி வாயைக் கொடுத்த பிறகு பின்வாங்க முடியாது. வண்டி போகிற இடத்தில் யார் போட்ட மினுக்கு என்று கேட்பார்கள், பஞ்சவர்ணம் என்று சொல்வார்கள், இந்த ஒரு வண்டியில் தன் பேர் நிற்கும் அல்லது விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கறுப்பை முதலில் பாலிஷால் எடுத்தாள். பழைய சொந்தக்காரன் முரட்டுத் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து வைத்திருந்த சிலந்தி வலைக் கோடுகள் எல்லாம் போகும் வரை, மூச்சைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். இதற்கு மேல் எடுத்தால் பெயிண்டே இருக்காது என்கிற இடத்தில் கை தானாக நின்றது.

அப்புறம் மெழுகைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தாள். பானெட் என்கிற முன்மூடியின் ஒரு மூலையில் தேன்மெழுகு கலந்ததைத் தடவினாள், அது வெல்லப்பாகு மாதிரி இழுத்து, தூசியை வா வா என்று கூப்பிட்டது. இன்னொரு மூலையில் இப்போது எல்லாரும் அடிக்கிற திரவத்தைப் போட்டாள். அது கண்ணாடி மாதிரி மின்னியது, வருஷக்கணக்கில் நிற்கும், ஆனால் பார்க்கிற பார்வை மேலேயே அடிபட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவதாக, பிரேசில் நாட்டில் ஒரு பனையின் ஓலையைக் காயவைத்துத் தட்டி எடுக்கிற கெட்டி மெழுகை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி வைத்தாள். அது அவ்வளவாக மின்னவில்லை. பார்வை அதற்குள் இறங்கியது, இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

வண்டியைப் பார்க்க வந்திருந்த மடைக்காரர் ஆண்டிச்சாமி, கண்மாய் மடையைத் திறந்து மூடுவது வேலையாக இருந்து, தண்ணீர் இல்லாததால் ஊரில் உள்ள எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பதை வேலையாக வைத்துக்கொண்டவர். நம்ம ஊர்ப் பனையில் இல்லாத மெழுகு அவன் ஊர்ப் பனையில் என்ன இருக்கிறது என்று வருத்தப்பட்டார். திரவம் நீண்ட நாள் உழைக்குமே, அதைப் போடாமல் இதை ஏன் எடுக்கிறாய் என்றும் கேட்டார். அது பளபளப்பு மாமா, இது ஆழம், பளபளப்பு ஊரில் எவனும் போடுவான் என்று சொல்லிவிட்டு, ஓலை மெழுகையே மெல்லிசாகப் பூசி, அது பனி படிந்த மாதிரி மங்கிக் காயும் வரை காத்திருந்து, துடைத்து, மறுபடி பூசி, மறுபடி காத்திருந்து, இப்படியே அந்த வாரம் முழுக்க ஆழத்தை இறக்கிக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கொட்டகையைத் திறந்தபோது முன்மூடியின் கரையில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. நகம் பட்டுக் கீறிவிடுமே என்று பதறி அதை விரட்டினாள். அது பறக்கும் முன் ஒரு தரம் குனிந்து கொத்திக்கொண்டு பறந்தது, அதன் அலகில் ஒரு கெண்டை துடித்தது, அது கொத்திய இடத்திலிருந்து வளையம் வளையமாக அலை கிளம்பி முகப்பு விளக்கு வரை போய் அடங்கியது. பஞ்சவர்ணம் கிட்டே போய்ப் பார்த்தாள். கறுப்புக்குக் கீழே விரால் ஒன்று தன் பாட்டுக்குத் திரும்பியது, அதற்கும் கீழே வண்டல் கிடந்தது. நல்ல வேலை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, கொக்கு நின்ற இடத்தில் கீறல் உண்டா என்று சாய்ந்து பார்த்தாள், இல்லை என்றதும் டீ குடிக்கப் போனாள்.

டீக்கடைக்குச் செய்தி போனால் ஊருக்குப் போன மாதிரி. பொழுது உச்சிக்கு வருமுன் ஊர் கொட்டகையில் இருந்தது. ஆண்டிச்சாமி சட்டை மாற்றிக்கொண்டு, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு, மறுபடியும் மடைக்காரராக வந்தார். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, பஞ்சவர்ணம் பஞ்சு சுற்றிக் கொடுத்த மூங்கில் குச்சியை விட்டு அளந்து, இடுப்பளவு தண்ணீர் என்று அறிவித்தார். பிறகு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மடை எங்கே என்று தேடினார். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற சின்னத் துவாரம்தான் மடை என்று தீர்மானித்து, யாரும் அந்தப் பொத்தானை அமுக்கக் கூடாது, அமுக்கினால் தண்ணீர் வீணாகப் போகும் என்று அம்பலத்திடம் சொல்லிச் சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

கீழத்தெருக்காரர்கள் வந்து, வண்டியின் கிழக்குப் பக்கத் தண்ணீர் தங்களுக்குப் பாத்தியம் என்றார்கள். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் என்ன செய்வீர்கள் என்று மேலத்தெருக்காரர்கள் கேட்டார்கள். வழக்கு அதோடு நின்றது. பெண்கள் ஒரு சொம்பு மொண்டு வாயில் விட்டுப் பார்த்து, லேசாக ஓலை வாசம் அடிக்கிறது, மற்றபடி நம்ம கண்மாய்த் தண்ணீர்தான் என்றார்கள். கால்நடை டாக்டர் அந்த வழியாக வந்தவர் பார்த்துவிட்டு, மீனெல்லாம் ஆரோக்கியமாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்பலத்தின் கார் என்று சொல்வதை ஊர் விட்டுவிட்டது, கறுப்பணிக் கண்மாய் என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டது. பேர் வைத்த பிறகு நடக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி, அதைப் பேசத் திங்கட்கிழமை ஊர் கூடியது.

தண்ணீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, வைகாசி இருக்கிறது, ஆகவே மீன்பிடித் திருவிழா வைத்தாக வேண்டும் என்று கூட்டம் சொன்னது. பரணில் கிடந்த ஊத்தாக்களை, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற அந்த மூங்கில் கூடைகளை, ஆட்கள் தூசி தட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். அந்த மூங்கில் முனை ஒன்று பட்டால் போதும், வாரக்கணக்கான வேலை போய்விடும், நாலு நாளில் கல்யாணம், அந்த ஊர் முழுக்கப் பார்க்கப்போகிற வண்டி.

“காரு உங்களுது சித்தப்பா, மீனு ஊருது, அதெல்லாம் நான் மறுக்கல. மேல இருக்குற மினுக்கு என்னுது. அதத் தாண்டாம ஒருத்தரும் மீனத் தொட முடியாது. நான் விட மாட்டேன்” என்றாள்.

கூட்டம் சலசலத்தது. அம்பலம், அவள் சொல்வது நியாயம், கண்மாயை வெட்டினவர் சொல்லாமல் கண்மாயில் இறங்கக் கூடாது என்று முடித்துவிட்டு எழுந்து போனார். ஊர் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு கலைந்தது. சண்டை போட்டிருந்தால்கூட அவள் நன்றாகத் தூங்கியிருப்பாள்.

மறுநாள் கல்யாணப் பெண்ணே கொட்டகைக்கு வந்தாள். சிவரஞ்சனி பி.எட். முடித்தவள், வளவளவென்று பேசாதவள். வண்டியை ஒரு சுற்று சுற்றிக் கண்ணால் பார்த்தாள்.

“அக்கா, மாப்ள ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? தண்ணியும் இல்ல, மீனும் இல்ல, அது வெறும் பளபளப்பு, உள்ள ஒண்ணும் கிடையாதுன்னு சொல்றாங்க.”

பஞ்சவர்ணத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லியிருக்கலாம், தாங்கியிருப்பாள். பளபளப்பு வேண்டாம் என்று ஒதுக்கித்தான் அவள் ஆழத்தை எடுத்தாள், அதைப் போய் வெறும் பளபளப்பு என்றால் யார் பொறுப்பது? கைவிட்டுப் பார்க்காத ஆழத்தை ஆழம் என்று நம்பச் சொல்லவும் முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, உறைத்தது வலித்தது. துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே அம்பலத்தின் வீட்டுக்கு நடந்தாள்.

திருவிழா வைக்கலாம், ஆனால் என் சொல்படி என்றாள். ஊத்தா கூடாது, வலை கூடாது. மோதிரம், வளையல், வாட்ச், அரைஞாண், எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும். கழற்ற முடியாத தாலியை முதுகுப் பக்கம் போட்டு மாராப்பால் மூட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வேட்டி மடிப்பில் சில்லறை இருக்கக் கூடாது. முக்கியமாக, கையை வட்டமாகச் சுழற்றக் கூடாது, வட்டமாகத் துடைத்துத்தான் உலகத்து வண்டியெல்லாம் கெட்டது. நேராக விட வேண்டும், நேராக எடுக்க வேண்டும். ஊரில் சாமி கும்பிடுவதற்குக்கூட இத்தனை ஆசாரம் இல்லை. ஆனாலும் அன்று மாலை நெடுங்கரைப்பட்டியில் எல்லா வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், புருஷன்மார்கள் எண்ணெய் போட்டு மோதிரத்தைக் கழற்றினார்கள், ஆண்டிச்சாமி வீடு வீடாகப் போய்க் கையைக் காற்றில் நேராக விட்டு நேராக எடுக்கப் பயிற்சி கொடுத்தார்.

புதன்கிழமை காலை, மேளத்தோடு வந்த அம்பலம், திருவிழாவைத் தொடங்கி வைக்கிற வெள்ளைத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அவர் அப்பா வீசியது, அவருக்கு முந்தியவர்களும் வீசியது. அதை அவர் பஞ்சவர்ணத்திடம் நீட்டினார். கண்மாயை வெட்டினவள் வீசட்டும் என்றார். பெண்பிள்ளை வீசுவதா என்று பின்னால் யாரோ இருமினார்கள், அம்பலம் திரும்பிப் பார்க்கவும் இருமல் நின்றது. பஞ்சவர்ணத்தின் கண் நிறைந்துவிட்டது, பெருமையில் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. ஆனாலும் அவள் அவளாகவே இருந்தாள்.

“இம்புட்டு முரட்டுத் துண்ட என் வண்டிப் பக்கமே கொண்டாராதீங்க சித்தப்பா” என்று சொல்லிவிட்டு, தன் தோளில் கிடந்த மஞ்சள் மெல்துணியைத் தலைக்கு மேலே தூக்கி வீசினாள்.

ஊர் இறங்கியது. ஓடி விழுந்து மிதித்து இறங்கிப் பழகிய ஊர், அன்று வரிசையாக வந்து, மூச்சை அடக்கிக் குனிந்து, வெறுங்கையை நேராக விட்டது. தோள்வரை உள்ளே போன கை சேறும் பாசியுமாக, விராலும் கெண்டையும் கெளுத்தியுமாக நேராக வெளியே வந்தது. வாங்க வாங்கக் குறையாமல் மீன் வந்தது. கிடைக்காதவனுக்குக் கிடைத்தவன் கொடுத்தான், ஏனென்றால் வழக்கம் அது. மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாண்டில் தூக்குவாளியும் கையுமாக ஆட்கள் நின்றார்கள், கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் இருந்த திசையெல்லாம் நெடுங்கரைப்பட்டி மீன் பஸ் ஏறிப் போனது, வாங்கிக்கொண்ட பெண்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி மாமியாரைக் கூப்பிட்டார்கள்.

கடைசியாகக் கைவிட்டவள் சிவரஞ்சனி. ஒரு கெளுத்தியைப் பிடித்தாள். கையளவு நீளமான, மீசை வைத்த, பொல்லாத கெளுத்தி. வெளியே வந்ததும் வாலைச் சுழற்றி அவள் பிடியிலிருந்து நழுவி, முதுகு முள்ளை ஊன்றி, முன்மூடியின் இந்தக் கோடியிலிருந்து கண்ணாடி வரை ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டு மறுபடி தண்ணீரில் விழுந்தது. மேளம் நின்றது. அத்தனை பேரும் பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்தார்கள், அவள் வண்டியைக் கொட்டகைக்குள் விடச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே அவள் முன்னால் பாலிஷ் பாட்டிலும் மெழுகு டப்பாவும் இருந்தன. இந்தக் கோட்டைப் போக்க வேண்டும் என்றால் எடுக்க வேண்டும், ஏற்கெனவே எடுக்க முடிந்த மட்டும் எடுத்தாயிற்று, இனி எடுத்தால் கோடு போகும், கூடவே ஆழமும் போகும். குனிந்து பார்த்தாள். திருவிழா முடிந்த தண்ணீர் தெளிந்திருந்தது. வண்டலுக்கு மேலே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குஞ்சு மீன்கள் கூட்டமாக நகர்ந்தன, அடுத்த வருஷத்து மீன்கள். கோடு இல்லாத வண்டியை நாளை மறுநாள் அந்த ஊரில் நிறுத்தினால் குறை சொல்ல ஒருவன் பிறந்து வர வேண்டும். இப்படியே கொண்டுபோய் நிறுத்தினால், பஞ்சவர்ணம் கை போட்ட வண்டியில் கோடு என்று ஊர் வாய் பேசும், அந்த வாயை மூட உலைமூடி கிடையாது. தன் வாழ்நாளில் ஒரு கீறலை அப்படியே விட்டு அவள் வண்டியை வெளியே அனுப்பியதில்லை. அழுகை வந்தது, அழுதாள், அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாலிஷ் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தாள். ஓலை மெழுகை உள்ளங்கையில் இளக்கி, கோட்டின் மேலும் அதன் இரண்டு பக்கமும், குஞ்சுகள் கலையாதபடி, மெல்ல மெல்லப் பூச ஆரம்பித்தாள்.

கல்யாணத்தன்று கறுப்புக் கார் கல்லூரணிப்பட்டிக்குள் நுழைந்தபோது, அம்பலம் ஆசைப்பட்ட மாதிரியே ஊர் வந்து சுற்றி நின்றது. பெண் வீட்டார் வந்த வேனில் பஞ்சவர்ணமும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து இறங்கி, பெண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பா நல்லமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். குனிந்தார், அதற்குள் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், குறை தேடி இன்னும் குனிந்தார். அப்புறம் அந்தக் கோடு கண்ணில் பட்டது, உயிர் வந்த மாதிரி நிமிர்ந்தார்.

“இம்புட்டுப் பாடுபட்டு இப்பிடி ஒரு கோட்ட விட்டுட்டீங்களே. யாரு சம்பந்தி பாலிஷ் போட்டது?”

நெடுங்கரைப்பட்டிக்காரர்கள் எல்லாரும் வாயைத் திறந்தார்கள், ஆனால் அவள் யாரையும் முந்தவிடவில்லை.

“நான்தான். எம்பேரு பஞ்சவர்ணம். அது விட்டுப்போன கோடு இல்லங்க, உங்க ஊரு மருமக பிடிச்ச கெளுத்தி போட்ட கோடு. அழிக்கத் தெரிஞ்சும் வச்சிருக்கேன்” என்றாள்.

நல்லமணி மறுபடி குனிந்து பார்த்தார். கோட்டுக்கு அடியில் குஞ்சு மீன்கள் கூட்டமாகத் திரும்பின, அவர் அசையாமல் நின்றார். பின்னால் நின்ற அவர் ஊர்க்காரர்கள், நாங்களும் பார்க்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்று அவரிடம் சொன்னார்கள்.